வடை திருடிய காகமும் கிரெப் திருடிய கடற்காகமும்

சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர் என்னோடு ஒரே அலுவலகத்தில் இருபது வருடம் குப்பை கொட்டிய நண்பர். ஏதோ ஒரு கடற்கரையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கையிலிருந்த ஐஸ்கிரீமை ஒரு பெரிய வெள்ளைப் பறவை பின்னாலிருந்து வந்து அலேக்காகத் தூக்கிக்கொண்டு போகிறது. கீழே சிரிக்கிற பொம்மைகள் பத்து. "உங்க பிரான்ஸ் திருடன் பாரும்" என்று ஒரு வரி வேறு.

அவருக்கு ஒரு வரியில் பதில் போடப் பார்த்தேன், முடியவில்லை. அந்தத் திருடன் விஷயமாக என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகமே இருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். அவரும் இதைப் படிப்பார்.

இரண்டு வருடம் முன்னால், மகள் வீட்டில் இருக்க சேன் மாலோ போயிருந்தேன். மாப்பிள்ளை சொல்தா குடும்பம். அவர் அப்பா காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை. எனக்கு இந்தியப் பாஸ்போர்ட்தான், ஆகவே தொண்ணூறு நாள் விசா. மே மாதம் நடுவில் போய் ஆகஸ்ட் முதல் வாரத்தில் திரும்பினேன்.

சேன் மாலோ நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஊர். 1746ல் சென்னைக் கோட்டையைப் பிடித்துவிட்டு, அதை என்ன செய்வது என்று துய்ப்ளெக்சோடு சண்டை போட்டுக்கொண்டாரே லா பூர்தொனே, அவர் 1699ல் பிறந்த ஊர் அதுதான். எங்கள் சரித்திர வாத்தியார் அந்தச் சண்டையை இரண்டு குரலில் நடித்துக் காட்டுவார். சுற்றிலும் கருங்கல் மதில், உள்ளே உயரமான கல் வீடுகள், வீட்டுக்கு வீடு பருத்த புகைபோக்கிகள். கடல் ஏற்ற இறக்கத்தில் பன்னிரண்டு மீட்டர் வரை ஏறி இறங்கும். காலையில் நடந்து போன மணல்திட்டு மதியம் தீவாகிவிடும். நம் பீச்சில் நின்று பழகியவனுக்கு முதலில் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

போய்ச் சேர்ந்த நாலாம் நாள். பேத்திக்கு அப்போது ஆறு வயது. மதில்மேல் அவளை நடத்திக்கொண்டு போனேன். கையில் சர்க்கரையும் வெண்ணெயும் தடவிய கிரெப். நம் தோசையின் மெலிந்த தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து ஒரு காற்று அடித்தது போலிருந்தது. அடுத்த நொடி கிரெப் இல்லை. குழந்தை விரலில் சிறு கீறல், ஒரு சொட்டு ரத்தம், பெரிய அழுகை. நான் கைத்தடியை ஓங்கிக்கொண்டு அந்தப் பறவையைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எல்லாம் நல்ல முத்தியால்பேட்டைத் தமிழ். பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புரியாதது என் அதிர்ஷ்டம்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில், "அந்த முவெத்தை விடக் கூடாது" என்றேன். அழுது முடித்துத் தேறியிருந்த பேத்தி, "முவெத் இல்ல தாத்தா, கோஎலான்" என்றாள்.

பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பு முழுக்கப் படித்தவன் நான். எங்கள் பாடப்புத்தகத்தில் கடலுக்கு மேலே பறக்கிற எல்லாமே முவெத்தான். வாத்தியாருக்கும் அவ்வளவுதான் தெரியும். தமிழில் பார்த்தால் இரண்டுக்கும் சேர்த்துக் கடற்காகம் என்று ஒரே பெயர். ஆறு வயதுக் குழந்தை திருத்தியபோதுதான் வேறு வேறு என்று தெரிந்தது. முவெத் என்பது சிறியது. நம் கரைக்குக் குளிர்காலத்தில் வந்துபோகிற பழுப்புத்தலைக் கடற்காகம் போன்ற உருவம். கோஎலான் பெரியது. இறக்கையை விரித்தால் ஏறத்தாழ நாலரை அடி, எடை ஒரு கிலோ சுமார். கோஎலான் என்ற சொல்லே பிரெஞ்சு இல்லையாம், பிரெத்தாஞ் பகுதியின் பழைய மொழியான பிரெத்தோனிலிருந்து வந்தது. எங்கள் திருடனின் முழுப்பெயர் கோஎலான் அர்ஜாந்தே, அதாவது வெள்ளி நிறத்தது. இங்கிலீஷ்காரன் ஹெர்ரிங் கல் என்பான். ஹெர்ரிங் நம் மத்தி மீனுக்குச் சொந்தக்கார மீன்.

அடையாளம் கண்டுபிடிப்பதில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். எழுத்தர் வேலை பார்த்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: பெயர், தகப்பன் பெயர், அங்க அடையாளம் இல்லாமல் கோப்பு நகராது. ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். முதுகு இளஞ்சாம்பல். இறக்கை நுனி கறுப்பு, அதில் முத்து வைத்தது போல வெள்ளைப் புள்ளிகள். தலையும் வயிறும் வெள்ளை. கண் வெளிர் மஞ்சள், அதனால்தான் எப்போதும் முறைப்பது போலத் தெரிகிறது. மஞ்சள் அலகு, கீழ் அலகின் நுனிப் பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு. கால் ரோஸ் நிறம். இந்தக் கால் விஷயம் முக்கியம். முதுகு கருஞ்சாம்பலாகவும் கால் மஞ்சளாகவும் இருந்தால் அது வேறு ஜாதி, கோஎலான் பிரேன். முதுகு நல்ல கறுப்பு, கால் ரோஸ், உருவமும் இன்னும் பெரிது என்றால் அது கோஎலான் மரேன். மற்றப் பறவைகளின் குஞ்சுகளையே விழுங்கும் முரடன்.

இவ்வளவும் எழுதிக்கொண்ட பிறகு ஒரு நாள் கூரையில் கருப்பு அலகும் உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளியுமாக இன்னொரு பறவை உட்கார்ந்திருந்தது. புது ஜாதி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமையாக எழுதி வைத்தேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டுச் சிரித்தார். அது இவர்கள் வீட்டுப் பிள்ளைதானாம். பிறந்த முதல் வருடம் முழுக்கப் பழுப்பு. வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, நாலாவது வருடம்தான் அப்பா அம்மா நிறம் வரும். பெரியவற்றுக்கும் குளிர்காலத்தில் தலையில் பழுப்புக் கீற்றுகள் வந்துவிடுமாம், அதை நான் பார்க்கவில்லை. அன்று எழுதியதை அடித்துவிட்டுச் சுருக்கொப்பம் போட்டேன். பழக்கதோஷம்.

மகள் வீடு மூன்றாம் மாடி. சமையலறை ஜன்னலுக்கு நேரே, அதே கட்டடத்தின் பக்கவாட்டுக் கூரையில் ஒரு புகைபோக்கி. அதன் அடியில் காய்ந்த புல்லும் பாசியும் குவித்து ஒரு ஜோடி கூடு போட்டிருந்தது. நான் போனபோதே அடைகாத்துக்கொண்டிருந்தன. ஆணும் பெண்ணும் முறை வைத்து உட்கார்ந்தன. முறை மாறும்போது வருகிற பறவை கூட்டருகே நின்று கழுத்தைக் குனிந்து, பிறகு வானத்தைப் பார்த்து நீளமாக ஒரு கூவல் கூவும். நம் அலுவலகத்தில் சீட் மாறும்போது சார்ஜ் கொடுப்பதைப் போல. என்ன, இவை நேரத்துக்கு வந்தன.

சுமார் நாலு வாரம் அடைகாக்கும். ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை மூன்று சாம்பல் நிறப் பஞ்சுத் தலைகள் தெரிந்தன. அப்போதுதான் அந்தச் சிவப்புப் பொட்டு எதற்கு என்று புரிந்தது. பறவை வந்து தலையைத் தாழ்த்தி நிற்கும், குஞ்சு அந்தப் பொட்டைக் கொத்தும், உடனே வயிற்றில் கொண்டுவந்ததைக் கக்கிக் கொடுக்கும். டின்பெர்கன் என்ற டச்சுக்காரர் அட்டையில் பறவைத் தலைகள் செய்து, பொட்டின் நிறத்தை மாற்றி மாற்றிக் குஞ்சுகள் முன் காட்டிச் சோதித்திருக்கிறார். இந்தப் பறவையைப் பற்றி 1953ல் ஒரு புத்தகமும் எழுதினார். 1973ல் இன்னும் இருவரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, மருத்துவத் துறையில். அலகுப் பொட்டைப் பார்த்தவருக்கு மருத்துவப் பரிசா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவருக்கும் பதில் தெரியவில்லை.

இன்னும் நான் பார்த்தவை. புல்வெளியில் நின்ற இடத்திலேயே இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தட்டும். மழை பெய்கிறது என்று ஏமாந்து மண்புழு மேலே வரும். சிப்பியை உயரத் தூக்கிப்போய்ப் பாறைமேல் போட்டு உடைக்கும். உடையாவிட்டால் மறுபடி தூக்கும். ஒரு நாள் ஒன்று ஆறு தடவை தூக்கியதை எண்ணினேன். கடல்நீரையே குடிக்கும். கண்ணுக்கு மேலே உள்ள சுரப்பி உப்பைப் பிரித்து மூக்கு வழியே வெளியேற்றிவிட, அது அலகு நுனியில் சொட்டும். எனக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிப் பத்து வருடம் ஆகிறது. அந்தச் சுரப்பியை நான் பொறாமையோடு பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்கள்.

திருட்டுக்கு வருகிறேன். 2019ல் இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு பை உருளைக்கிழங்கு வறுவலைத் தரையில் வைத்து இந்தப் பறவைகளைச் சோதித்தார்கள். மனிதர் தன்னையே உற்றுப் பார்க்கும்போது, அது நெருங்கி வரச் சராசரியாக 21 நொடி அதிகம் எடுத்துக்கொண்டது. பல பறவைகள் கிட்டவே வரவில்லை. அதாவது இது துணிந்த கொள்ளைக்காரப் பறவை இல்லை, நம் கண்ணுக்குப் பயப்படுகிற பறவை. பின்னாலிருந்து வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன். நானும் சோதித்தேன். மதில் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பேத்தி கிரெப் தின்ன, நான் சுற்றிலும் முறைத்துக்கொண்டே நின்றேன். ஒன்று வந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்து, வேறு எதையோ பார்ப்பது போலப் பாவனை செய்து, கடைசியில் போய்விட்டது. பென்ஷன்காரனுக்கு இந்த வேலை நன்றாகப் பொருந்தியது. அதற்குப்பின் ஒரு கிரெப்பையும் நாங்கள் இழக்கவில்லை.

ஜூன் நடுவில் விஷயம் வேறு திசையில் திரும்பியது. கட்டடத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட ஒரு காகிதம் வந்தது. கூட்டை அகற்ற வேண்டும், சத்தம் தாங்கவில்லை, எச்சம் விழுகிறது, குழந்தைகளைத் தாக்குகிறது என்று எழுதியிருந்தது. அந்த மூன்றாவது வரிக்கு ஆதாரம் என் பேத்தியின் விரல்! மகள் என்னைப் பார்த்து, "என்னப்பா செய்யலாம்?" என்றாள்.

என் கருத்தை அன்று அவளிடம் சொன்னேன், இன்று உங்களிடமும் சொல்கிறேன். சத்தம் பொய் இல்லை. ஜூனில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும், இரவு பத்துக்கு மேல்தான் சூரியன் மறையும். நடுவில் இருக்கிற கொஞ்ச நேரத்தையும் இவை விட்டுவைப்பதில்லை. மேல் மாடியில் தனியாக இருந்த ஒரு மூதாட்டி காலையில் படிக்கட்டில் பார்க்கும்போது கண் சிவந்திருப்பார். என் வயதுக்காரர். தூக்கம் கெட்டால் இந்த வயதில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே "பறவை பாவம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று நான் அவருக்கு உபதேசம் செய்யத் தயாராக இல்லை.

ஆனால் எந்தக் கோப்பையும் முதல் தாளிலிருந்து புரட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பறவை ஊருக்குள் எப்படி வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் முட்டைக்காகவும் தொப்பி இறகுக்காகவும் பொழுதுபோக்குத் துப்பாக்கிக்காகவும் கடற்பறவைகளைக் கொன்று தீர்த்தார்கள். பிரெத்தாஞ் கரையில் செத்தீல் தீவுகளுக்கு மக்கரே என்ற பறவையைச் சுடுவதற்கென்றே சுற்றுலாவாகப் போனார்கள். அந்தக் கொடுமையைத் தடுக்கத்தான் 1912ல் பறவைப் பாதுகாப்புச் சங்கம் அங்கே பிறந்தது. பாதுகாப்பு வந்ததும் கோஎலானும் பெருகியது. பெருகியதற்குத் தீனி போட்டது யார்? மனிதர்கள்தான். ஊர் ஊராகத் திறந்தவெளிக் குப்பைமேடு. கடலில் மீன்பிடிக் கப்பல்கள் வேண்டாத மீனை அள்ளி வீசின. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் போட் வந்ததும் காகமும் கொக்கும் செம்பருந்தும் கூடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதைப் போல நூறு மடங்கு.

பிறகு மனிதர்கள் திருந்தினார்கள். திருந்தியது நல்லதுதான். 1992ல் பிரான்சில் ஒரு குப்பைச் சட்டம் வந்தது. கண்டதையும் மேட்டில் கொட்டுவது 2002க்குப் பிறகு கூடாது என்றது. 2015லிருந்து 2019க்குள் ஐரோப்பியக் கப்பல்கள் பிடித்த மீனைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று விதி வந்தது. இரண்டும் சரியான விதிகள். ஆனால் ஐம்பது வருடம் பந்தி போட்டுவிட்டு இலையை எடுத்தவர்கள், பந்தியில் உட்கார்ந்தவன் எங்கே போவான் என்று யோசிக்கவில்லை. பாறைத் தீவுகளில் கூடுகள் குறைந்துவிட்டன. இங்கிலாந்தில் 2009லிருந்து இது சிவப்புப் பட்டியலில் இருக்கிற பறவை. ஊருக்குள் கண்ணில் படுவதால் பெருத்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. கூரையில் நரி ஏறாது, புகைபோக்கி காற்றுக்கு மறைவு, கீழே ஓட்டல் மேசைகள். அது இடம் மாறிக் குடியேறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சட்டமும் பறவையின் பக்கம்தான். பாதுகாக்கப்பட்ட இனம், முட்டை உள்ள கூட்டை யாரும் இஷ்டத்துக்குத் தொடக் கூடாது. முட்டைமேல் எண்ணெய் தடவிப் பொரிக்காமல் செய்வதுண்டு, அதற்கும் அரசு அனுமதி வேண்டும். தாய் தெரியாமல் வாரக்கணக்கில் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்கு விஞ்ஞானக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை. முறை மாறும்போது கூவுவதை ஜன்னலில் நின்று ஒரு மாதம் பார்த்தவன், அதுதான் காரணம். செய்வதானால் குளிர்காலத்தில், கூடு போடும் முன்னால், புகைபோக்கியைச் சுற்றி வலை கட்டுங்கள். அதைவிட முதலில் குப்பைத்தொட்டிக்கு மூடி போடுங்கள். நம் கட்டடத்துப் பைகளே இரவு முழுக்க வெளியில் கிடக்கின்றன, காலையில் கிழிந்திருக்கின்றன, பிறகு பறவையைத் திட்டுகிறீர்கள். "தீனி போடாதீர்" என்ற பலகைக்குக் கீழேயே நின்று சிரித்துக்கொண்டு வறுவல் வீசுகிற சுற்றுலாக்காரர்களை நானே பார்த்தேன். மகள் இதையெல்லாம் தன் பிரெஞ்சில் எழுதி, கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினாள். நான் சொன்னதில் ஒரு வாக்கியத்தை மட்டும் கடுமையாக இருக்கிறது என்று எடுத்துவிட்டாள்.

நண்பரின் "திருடன்" என்ற வார்த்தைக்கு வருகிறேன். பள்ளியில் லா ஃபோந்தேனின் காகம், நரி கதையை மனப்பாடம் செய்தவன் நான். அதில் காகத்தின் அலகில் பாலாடைக்கட்டி இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று வாத்தியார் ஒருநாளும் கேட்கவில்லை. நம் வீட்டுக் கதையில் பாட்டியிடம் காகம் வடையைத் திருடியது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். சொல்லிவிட்டு, அமாவாசை அன்று அதே காகத்தைக் "கா கா" என்று கூப்பிட்டுச் சோறு வைத்து, அது எடுக்கும்வரை இலை போடாமல் காத்திருப்போம். நம் வீட்டுத் தென்னையில் காகம் கூடு கட்டும் பருவத்தில் கொல்லைப்பக்கம் போனால் மண்டையில் கொத்து விழும், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போவோம். பஞ்சாயத்து வைத்ததில்லை. கோஎலானும் மேலே பாய்ந்து பயமுறுத்துகிறது என்றால் பெரும்பாலும் அருகில் எங்கோ குஞ்சு விழுந்து கிடக்கிறது என்று அர்த்தம். குடையை விரித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டால் போதும்.

எங்கள் கூட்டிலிருந்தும் ஒன்று விழுந்தது. ஜூலை தொடக்கத்தில், இறகு பாதி முளைத்த நிலையில், காற்றடித்த ஓர் இரவு. காலையில் முற்றத்துக் கல்தரையில் கிடந்தது. மாப்பிள்ளை அட்டைப்பெட்டியில் எடுத்துப் போட்டார். கிரெப் பறிகொடுத்த பேத்தி அன்று பால்கூடக் குடிக்கவில்லை. தாயும் தகப்பனும் இரண்டு நாள் கூரை விளிம்பில் நின்று கீழே பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. நோட்டில் அந்த இரண்டு நாளுக்கும் நான் ஒன்றும் எழுதவில்லை. மற்ற இரண்டும் ஜூலை கடைசியில் பழுப்பு இறக்கையை விரித்துப் பறந்து போயின. நானும் அடுத்த வாரம் விமானம் ஏறினேன்.

அந்தக் குளிர்காலத்தில் கட்டடத்துக்காரர்கள் புகைபோக்கியைச் சுற்றி வலை கட்டினார்கள். நான் சொன்ன யோசனைதான், குறை சொல்ல வாயில்லை. தொட்டிக்கு மூடி மட்டும் இன்னும் வரவில்லையாம். வசந்தத்தில் அதே ஜோடி வந்தது. வருடா வருடம் அதே இடத்துக்குத் திரும்புகிற பழக்கம் இவற்றுக்கு உண்டு. இரண்டு நாள் வலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, முற்றத்துக்கு எதிர்ப்புறக் கூரையில் புல் சேர்க்க ஆரம்பித்துவிட்டதாம். அங்கே கூடு நேராக அந்த மூதாட்டியின் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரில். போன ஞாயிறு பேத்தி வீடியோ அழைப்பில் போனைத் திருப்பிக் காட்டினாள். அலகில் பொட்டு தெரிகிறதா தாத்தா என்று கேட்டாள். என் கண்ணுக்கு ஒரு வெள்ளைப் புள்ளிதான் தெரிந்தது, தெரிகிறது என்றேன். அந்த அம்மாள் எப்படி இருக்கிறார் என்று மகளிடம் கேட்டேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குகிறாராம். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு பைனாக்குலரும் வாங்கியிருக்கிறாராம்.